வதனி நின்ற தேர்தல்

அமெரிக்காவில் நான் கண்விழித்த முதல் காலையில் வீட்டில் யாரும் இருக்கவில்லை. குசினி மேசையில் வளையத்தில் கோத்த வீட்டுத் திறப்பும் இரண்டு வாழைப்பழங்களும் இருந்தன. கைபேசியில் வதனியின் குரல் பதிவாகிக் கிடந்தது. "பாண் இருக்கு, பட்டர் இருக்கு, சாப்பிடு. பின்னேரம் வந்து வடிவாக் கதைப்பம்."

வடிவாகக் கதைப்பதற்காகத்தான் நான் அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

வதனியும் நானும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தவர்கள். அவள் ஜெகனைக் கட்டிக்கொண்டு ஓஹியோ மாநிலத்துக்குப் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. நான் யாரையும் கட்டவில்லை. புதுக்கடை நீதிமன்றங்களில் சிங்களத்தைத் தமிழாகவும் தமிழைச் சிங்களமாகவும் சொல்லிக்கொண்டே இருந்து ஓய்வுபெற்றேன். ஜெகன் போன வருடத்துக்கு முந்திய வருடம் மாரடைப்பில் இறந்துபோனார். ஒரே மகள் கலிபோர்னியாவில். இந்த நிலையில்தான் வதனி ஒருநாள் தொலைபேசியில், "நகரசபைத் தேர்தலில நிக்கிறனடி. எனக்கு ஆளில்லை, ஒருக்கா வா" என்றாள். நான் முதலில் சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவியாக நிற்கச் சொன்னபோது கழிவறைக்குள் போய் ஒளித்தவள் அவள்.

ஊரின் பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ஆகவே இப்படிச் சொல்கிறேன்: ஒரு ஆறு, மூடிய தொழிற்சாலை ஒன்று, ஒரு பல்கலைக்கழகம், ஏராளமான தேவாலயங்கள், அவற்றைவிட ஏராளமான மேப்பிள் மரங்கள். நியூயோர்க்கும் இல்லை, கிராமமும் இல்லை.

நான் போனது இலையுதிர் காலம். வீடுகள் எல்லாம் வெள்ளைப் பலகை வீடுகள். முன்பக்கம் மூன்று படி, படியில் ஒரு பூசணிக்காய், புல்தரையில் கம்பிக்காலில் நாட்டிய தேர்தல் பலகை. வதனியின் பலகை நீல நிறம். அவளுடைய பெயருக்குக் கீழே "கேட்பதற்கு ஒருவர்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. தெருவில் மனிதரைத்தான் காணவில்லை.

வெள்ளவத்தையில் என்னுடைய பிளாட் கடலுக்கும், காலி நகரத்துக்குப் போகிற காலி வீதிக்கும் நடுவில் இருக்கிறது. ரயில் போனால் அலுமாரிக் கண்ணாடி அதிரும். கீழே மீன்காரர் கூவுவார், மேலே யாரோ தேங்காய் துருவுவார்கள், பள்ளிவாசலில் பாங்கு சொல்வார்கள். நாள் முழுக்க ஒருவரோடும் கதைக்காமல் இருந்தாலும் எனக்குத் தெரியாது. இங்கே குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் நின்றபோது திடுக்கிட்டு எழும்பினேன்.

பருப்பும் வெள்ளை உருளைக்கிழங்குக் கறியும் வைத்து, கொண்டுபோன மிளகாய்த்தூளில் முட்டைப் பொரியலும் செய்து காத்திருந்தேன். பொழுதுபட்ட பிறகு கார் வந்து நின்றது. வதனியோடு உயரமான ஒரு கறுப்பினப் பெண்மணி இறங்கினார். டோரதி, ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரித் தாதி. வதனியின் தேர்தல் வேலை முழுவதையும் நடத்துபவர் அவர்தான். என்னைக் கட்டிப்பிடித்து, "கொழும்பிலிருந்து ஒரு தொண்டர்! எதிர்க்கட்சிக்கு இப்படி ஒருவர் கிடைப்பாரா?" என்றார்.

வதனி நின்றபடியே சோற்றைக் குழைத்து ஒரு கோப்பை சாப்பிட்டாள். "எத்தினை நாளுக்குப் பிறகடி," என்றாள். கண் கலங்கியது போல் இருந்தது. டோரதி போன பின் கதைக்கலாம் என்று கோப்பைகளைக் கழுவிவிட்டு வந்தேன். சப்பாத்தோடு சோபாவில் சரிந்து நித்திரையாகியிருந்தாள். சப்பாத்தைக் கழற்றி, போர்வையை இழுத்துவிட்டேன்.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும். "நாளைக்குக் கதைப்பம்" என்று ஒவ்வொரு நாளும் சொன்னாள். நான் யன்னலால் இலை விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வதனி ஏதோ ஒரு தேவாலயத்துக் காலை விருந்துக்குப் போய்விட்டாள். இனி இந்த வீட்டுக்குள் இருந்தால் சுவரோடு கதைப்பேன் என்று பயந்து, ஆற்றையாவது பார்த்துவரலாம் என வெளிக்கிட்டேன். தெருக்கோடியில் பஸ் தரிப்பிடம். காலி வீதியில் கையைக் காட்டினால், நிற்க இடமில்லாத பஸ்ஸும் நின்று ஏற்றும். இங்கே ஒரு கம்பம், அதற்குக் கீழே நான் மட்டும். காது விறைத்தது. ஒரு பஸ்ஸும் வரவில்லை. கடைசியில், நாயோடு போன ஒரு பெண் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள். "ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது!"

திரும்பி நடந்தேன். எல்லாத் தெருவும் ஒரே தெரு. எல்லா வீட்டிலும் மூன்று படி, ஒரு பூசணிக்காய். அங்குமிங்கும் அலைந்து, வதனியின் நீலப் பலகை நிற்கிற வெள்ளை வீட்டைக் கண்டதும் பெருமூச்சு விட்டேன். திறப்பைப் போட்டுத் திருப்பினேன். திரும்பவில்லை. மறுபடியும் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தபோது கதவு உள்ளிருந்து திறந்தது.

வெள்ளைக்கார முதியவர் ஒருவர், கம்பளிச் சட்டையும் செருப்புமாக நின்றார். என் கையிலிருந்த திறப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்.

"வத்தானியின் தோழியா?" என்றார். அவளுடைய பெயரை அந்த ஊர் அப்படித்தான் சொன்னது.

அவர் பெயர் வால்டர். உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, தகரத்திலிருந்து தக்காளி சூப்பைச் சூடாக்கி, உப்பு பிஸ்கட்டோடு தந்தார். அந்த ஊரில் எனக்கு முதலில் விருந்து வைத்தவர் அவர்தான். ஞாயிறு பஸ் இல்லாத கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அதற்காகத்தானே உன் தோழி தேர்தலில் நிற்கிறாள்! முதல் தடவை வந்தபோது பஸ்ஸைப் பற்றித்தான் சொன்னாள். இரண்டாம் தடவையும் பஸ். மூன்றாம் தடவை பஸ்ஸை மறந்துவிட்டாள். என் மனைவியைப் பற்றிக் கதைத்தோம், அவளுடைய கணவரைப் பற்றியும். பாவம், அப்படி வாசலில் பனி வழித்துக்கொண்டிருக்கையில் விழுந்து, யாரும் காணாமல் அவ்வளவு நேரம் கிடந்து..."

சூப் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிட்டேன்.

எனக்கு அது தெரியாது. "சடுதியாப் போயிட்டார்" என்றுதான் அவள் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒரே வாங்கில் இருந்தவளுக்குச் சொல்லாததை, பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத ஒருவருக்குச் சொல்லியிருக்கிறாள். வால்டர் காரில் கொண்டுவந்து விட்டார். ஒரு தெரு தள்ளித்தான் வீடு.

வதனி வந்து கதையைக் கேட்டுப் பதறினாள். "ஆரோ ஒருத்தற்ற வீட்டுக் கதவில திறப்பைப் போட்டியோ? துவக்கோட வந்து சுட்டிருந்தால் என்னடி செய்வாய்?"

"உன்ர பலகை நிண்டுது. உன்ர வீடெண்டு நினைச்சன்," என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஜெகனைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் சண்டையாகிவிடும் என்று தோன்றியது. மனதுக்குள் கோபம் இருந்தது.

மறுநாளிலிருந்து நானும் அவர்களோடு போனேன். வீட்டிலிருப்பதைவிட அது மேல். நம்மூரில் வேட்பாளர் ஒரு தடவை லேனுக்குள் வருவார். முன்னால் பட்டாசு, பின்னால் ஒலிபெருக்கி, நடுவில் கும்பிட்டபடி அவர். யாரையும் பார்க்க மாட்டார், எல்லோரையும் பார்த்துச் சிரிப்பார். இங்கே வேட்பாளர் தனியாக, குளிரில் மூக்கு ஒழுக, ஒவ்வொரு படியாக ஏறித் தட்டவேண்டும். பாதிக் கதவுகள் திறப்பதில்லை. திறப்பவர்கள் கேட்பவை என்னைத் திகைக்க வைத்தன. வீதியோரம் குவித்த இலையை நகரசபை லொறி ஏன் இன்னும் வந்து உறிஞ்சவில்லை? நடைபாதைக் கல் ஏன் தூக்கிக்கொண்டு நிற்கிறது? வளவில் கோழி வளர்க்கலாமா? மொழி, நிலம், காணாமல் போனவர்கள் என்று கேட்டுப் பழகிய என் காதுக்கு, இலைக்காக ஒரு தேர்தல் என்பது பொறாமையாகத்தான் இருந்தது.

வதனி ஒவ்வொரு வீட்டிலும் நெடுநேரம் நின்றாள். டோரதி காருக்குள் இருந்து ஹோர்ன் அடிப்பார். "இரண்டு நிமிடம், ஹனி! இரண்டே நிமிடம்! அந்த மனிதர் போன மாதமே உனக்கு வாக்குத் தருவதாகச் சொல்லிவிட்டார். அவரிடம் அவருடைய முழங்காலைப் பற்றி ஏன் கேட்டுக்கொண்டு நிற்கிறாய்? போகாத வீட்டுக்குப் போ!"

"ஓகே, ஓகே," என்று வதனி ஓடிவருவாள். அடுத்த தெருவிலும் அதையேதான் செய்வாள். போகாத தெருக்கள் பல அப்படியே கிடந்தன. நான் அதைக் கவனித்தேன், காரணம் விளங்கவில்லை.

தேர்தலுக்கு முந்திய கிழமை நூலகத்தின் அடித்தளத்தில் வேட்பாளர் கூட்டம். மடக்குக் கதிரைகள், காகிதக் கோப்பையில் கோப்பி, யாரோ சுட்டுக்கொண்டு வந்த ஆப்பிள் கேக். வந்தவர்கள் எங்கள் பிளாட்டின் பராமரிப்புக் கூட்டத்துக்கு வருகிறவர்களைவிடக் குறைவு. வதனிக்கு எதிராக நின்றவர் கார்ல். குழாய் வேலைக்காரர், பல வருடமாக அந்த வட்டாரத்தின் உறுப்பினர், பெரிய வயிறு, சின்னக் குரல். ஆளுக்கு இரண்டு நிமிடம், முடிந்தால் ஒரு பெண்மணி மணியடிப்பார்.

வதனி ஞாயிறு பஸ்ஸைப் பற்றி நன்றாகத்தான் பேசினாள். முடிந்ததும் தொப்பி போட்ட ஒருவர் எழுந்து, "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டார். வதனி தன் தெருவின் பெயரைச் சொன்னாள். "இல்லை, உண்மையாக எந்த ஊர்?" என்றார் அவர். கதிரைகள் கிரீச்சிட்டன. கொழும்பிலும் சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போதெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகிய காதுகள் எங்களுடையவை.

கார்ல் ஒலிவாங்கியை இழுத்தார். "இந்த ஊர்தான். அவருடைய வீட்டு பொயிலரை நான்தான் திருத்தினேன்."

எல்லோரும் சிரித்தார்கள், தொப்பிக்காரர் உட்பட. எனக்கு முன்னால் இருந்த ஒரு கிழவி பக்கத்துக் கிழவியிடம் குசுகுசுத்தாள். "அருமையான பெண். ஆனால் கார்ல் எனக்கு சிங்க் திருத்தித் தந்திருக்கிறாரே." அந்த நிமிடமே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. நீதிமன்றத்தில் அவ்வளவு காலம் இருந்தவளுக்குத் தீர்ப்பின் வாசனை தெரியாதா?

தேர்தல் நாளன்று தெருக்களில் ஒரு மாற்றமும் இல்லை. பொலிஸ் இல்லை, வரிசை இல்லை, விரலில் மை இல்லை. வாக்குப் போட்டவர்கள் சட்டையில் 'வாக்களித்தேன்' என்று எழுதிய ஒரு சின்ன வட்டத்தை ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். வதனி தேவாலய மண்டப வாசலில் நாள் முழுக்க நின்றாள். நான் பிளாஸ்கில் இஞ்சித் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரவுச் சாப்பாட்டு நேரத்திலேயே முடிவு வந்துவிட்டது. மேசையில் மடிக்கணினி, டோரதி கொண்டுவந்த மக்கரோனி, நான் செய்த கட்லட். வதனி நன்றாகவே தோற்றிருந்தாள். எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுக் கார்லுக்குத் தொலைபேசி எடுத்து வாழ்த்துச் சொன்னாள். அவர் ஏதோ கேட்டார். "ஓ, நன்றாக வேலை செய்கிறது, நன்றி," என்றாள். பொயிலரைத்தான் கேட்டிருக்கிறார்.

டோரதி மேலங்கியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "இரண்டு வருடத்தில் திரும்பவும் வரும். ஆனால் அடுத்தமுறை இரண்டு நிமிடம்தான், சொல்லிவிட்டேன்." வதனியின் நெற்றியில் முத்தமிட்டுப் போனார். கார் சத்தம் அடங்கியது.

வதனி கட்லட் ஒன்றைப் பிட்டு, பிட்டதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கவலையாடி?" என்று கேட்டேன்.

"தோத்ததுக்கில்லை. தோற்பன் எண்டு தெரியும்."

"பேந்து ஏன் நிண்டனி?"

அவள் எழும்பி, குழாயைத் திறந்து தண்ணீர் குடித்தாள். சிங்கைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஜெகன்ர முப்பத்தோராம் நாள் கிரியையோட வந்த சனம் எல்லாம் போயிட்டுது. மகளும் போயிட்டாள், அவளுக்கும் வேலை. பிறகு ஒருத்தரும் இந்தக் கதவைத் தட்டேல்லையடி. தபால்காரன்கூடப் பெட்டிக்குள்ள போட்டிட்டுப் போயிடுவான். சரி, நாங்கள் போய்த் தட்டுவம் எண்டால், இந்த ஊரில காரணமில்லாமல் ஒருத்தற்ற கதவையும் தட்டேலாது. பொலிசுக்கு ஃபோன் அடிப்பினம். தேர்தலில நிண்டால் தட்டலாம். ஆரும் ஒண்டும் சொல்ல மாட்டினம். திறந்து, 'குளிருக்குள்ள நிக்கிறீங்கள்' எண்டு கேப்பினம்."

வால்டர் சொன்னதை அப்போதுதான் கேட்டேன். "அவர் விழுந்து கிடந்ததை எனக்கேன் சொல்லேல்லை?"

"உனக்குச் சொன்னால் நீ அழுவாய். நீ அழுதால் உன்னை நான் தேத்தோணும். கொழும்பில நீ தனிய இருந்து அழுறதை நான் இஞ்ச இருந்து நினைக்கோணும். வால்டர் தலையை ஆட்டிப்போட்டு, தன்ர மனிசியைப் பற்றிச் சொல்லும். அவ்வளவுதான். ரெண்டு பேருக்கும் கணக்குச் சரி." திரும்பினாள். "நீ வந்த நாள் துவக்கம் உன்னோட தனிய இருக்கப் பயந்துகொண்டுதான் ஓடித்திரிஞ்சனான். இருந்தால் சொல்ல வேண்டி வரும்."

நான் அழுதேன். அவள் சொன்னபடியே என்னைத் தேற்றினாள். பிறகு அவளும் அழுதாள். பிறகு இரண்டு பேரும் மிச்சக் கட்லட் முழுவதையும் சாப்பிட்டு முடித்தோம்.

"உன்ர பிளாட்டில எதிர்வீட்டில ஆரடி?" என்று திடீரென்று கேட்டாள்.

"ஒரு குடும்பம். வாசலில சப்பாத்து, செருப்பெல்லாம் கிடக்கும்."

"பேர்?"

எனக்குத் தெரியவில்லை.

அந்த ஊர் வழக்கப்படி, தோற்றவர் தன் பலகைகளைத் தானே பிடுங்கிக்கொண்டு போய்விடவேண்டும். நம்மூரில் போஸ்டர் அடுத்த தேர்தல் வரை சுவரில் இருந்து உரியும். சனிக்கிழமை வதனியும் நானும் காரில் கிளம்பினோம். நான் திரும்புவதற்கு இரண்டு நாள்தான் இருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. இலை உறிஞ்சும் லொறி ஒருவாறாக வந்து போயிருந்தது, தெரு கழுவியது போல் கிடந்தது.

அவள் பலகையைப் பிடுங்குவாள், நான் கம்பிக்காலைக் கழற்றுவேன். முழங்கால்காரரின் வீட்டுக்கு முன்னால் யன்னல் சீலை அசைந்தது. வதனி நிமிர்ந்து பார்த்தாள். படியில் ஒரு காலை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"தட்டன்," என்றேன்.

"இனி என்னத்தைச் சொல்லித் தட்டுறது?"

அப்படியே தெருத்தெருவாக, எந்தக் கதவையும் தட்டாமல், புல்லில் கள்ளர் மாதிரி நடந்து பலகைகளைக் கொண்டுவந்து காருக்குள் போட்டோம். வேலை முடிய முடிய அவள் பேச்சும் குறைந்துகொண்டு வந்தது. கடைசித் தெருவில், காற்றில் பறந்த ஒரு பலகை செங்கல் வீடு ஒன்றின் வளவுக்குள் குப்புறக் கிடந்தது. அந்த வீட்டுக்காரர் நட்டிருந்தது கார்லின் பலகை. வதனி தன்னுடையதை எடுத்துத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

நான் திரும்பவில்லை. எனக்கு என்ன வந்தது என்று இன்றும் தெரியாது. நீதிமன்றத்தில் மற்றவர்கள் சொன்னதை மட்டுமே சொல்லிச் சொல்லி வாழ்ந்தவள் நான். படியேறிக் கதவைத் தட்டினேன்.

"விசரி! வாடி இஞ்சால!" என்று வதனி கீழே நின்று பல்லைக் கடித்தாள்.

பச்சை நிற ஹவுஸ்கோட் போட்ட, எங்கள் வயது மதிக்கத்தக்க பெண் கதவைத் திறந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. என் ஆங்கிலத்தைத் தேடி எடுத்துக் கோர்த்தேன். "நான் கொழும்பிலிருந்து வந்தேன். நாளை மறுநாள் போய்விடுவேன். இவர் என் தோழி. பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார்."

அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

அவள் என் தோளுக்கு மேலால் வதனியைப் பார்த்தாள். "அவரை எனக்குத் தெரியும்," என்றாள். "நான் அவருக்கு வாக்குப் போடவில்லை."

"பரவாயில்லை," என்று வதனி கீழே நின்று சொன்னாள். கையில் பலகை, தலைமயிரில் மழைத்துளி.

"கதவு திறந்து கிடக்கிறது, வீட்டுச் சூடெல்லாம் வெளியே போகிறது," என்றாள் அந்தப் பெண். "வருவதென்றால் இரண்டு பேரும் கெதியாக உள்ளே வாருங்கள்."

போனோம். அவள் கோப்பி தரவில்லை, உட்காரச் சொல்லவுமில்லை. கதவைச் சாத்தியதும் சாத்தாததுமாக, பக்கத்து வீட்டு நாய் விடியவிடியக் குரைக்கிறது, யாருக்குச் சொல்லியும் பயனில்லை என்று ஆரம்பித்தாள். அந்த நாயின் சாதி, அதன் சொந்தக்காரனின் குணம், அவனை விட்டுப் போன மனைவி என்று கதை நீண்டது. வதனி தோற்றவள் என்பது இரண்டு பேருக்குமே மறந்துபோயிருந்தது. பலகையைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, ஈர ஜக்கெட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றியபடி, "பிறகு?" என்றாள் வதனி.